கச்சி முகம்மதுவின் ஏலப்பற்றை

விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து வந்ததும் கச்சி முகம்மது நேரே கிணற்றடிக்குப் போவார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொப்பி சரிந்து விழுகிற அளவுக்குக் கழுத்தை நிமிர்த்தி மேலே பார்ப்பார். மாமர நிழலில், குளித்த தண்ணீர் வழிந்தோடும் ஈரத்தில், ஆளுயரத்துக்கு மேல் அடர்ந்து நிற்கும் ஏலப்பற்றையின் நுனிகளை ஒவ்வொன்றாக ஆராய்வார். ஆராய்ந்து முடிந்ததும் வலது கொடுப்பில் அடக்கியிருக்கும் ஏலக்காயை நாக்கால் இடது கொடுப்புக்குத் தள்ளிவிட்டு, "இன்னம் குலை தள்ளல்ல" என்பார். அது யாருக்கும் சொல்வதல்ல. ஆனாலும் குசினிக்குள்ளிருந்து பதில் வந்துவிடும்.

"தள்ளினா நாங்களும் பாப்பம்தானே. வந்து தேத்தண்ணியக் குடிங்க."

பதில் சொல்பவள் அவருடைய மனைவி சித்தி நபீஸா. பேச்சும் பதிலும் மாறாமல் பல வருடங்கள் ஓடிவிட்டன. தேத்தண்ணீர் மட்டும் அன்றன்றைக்குப் புதிதாக ஊற்றப்படும்.

கொடுப்பில் ஏலக்காய் இல்லாத கச்சி முகம்மதுவை நோன்பு மாதத்தில்தான் காணலாம். அந்த மாதம் முழுக்க ஏதோ ஒரு பல்லைத் தொலைத்தவர் போலத் திரிவார். மற்றக் காலங்களில் அவர் ஒரு தெருவால் போனால், போனவர் யார் என்று வேலிக்குள் இருப்பவர்களுக்கு எட்டிப் பார்க்காமல், மணத்திலேயே தெரிந்துவிடும். இரட்டை மாட்டு வண்டிக்காரர். காத்தான்குடியிலிருந்து கருவாடும் உப்பும் பன்பாயும் ஏற்றிக்கொண்டு பதுளை வீதியால் மலைக்குப் போவார். மிளகும் கராம்பும் ஏலமும் கொண்டு திரும்புவார். அந்த வீதியில் இப்போது லொறி ஓடுகிறது. "லொறியில வாற ஏலத்தில எண்ணெய் மணக்கும்" என்று சந்தையில் சத்தமாகச் சொல்வார். சொல்லும்போது லொறிக்காரன் பக்கத்தில் இல்லை என்பதைப் பார்த்துக்கொள்வார். நபீஸாவுக்கோ மணத்தைப் பற்றித் தனியான கணக்கு உண்டு. "போகக்குள்ள கருவாட்டு யாவாரி, வரக்குள்ள புது மாப்பிள்ளை" என்பாள்.

சந்தையில் அவர் சாக்கை விரித்து உட்கார்ந்தால் அது ஒரு சின்னப் பள்ளிக்கூடம். ஒரு காயை எடுத்துக் காதோரம் குலுக்கி விதையின் சத்தத்தைக் கேட்கச் சொல்வார். நகத்தால் கீறி, "கறுத்திரிக்கணும், ஒட்டணும், அதுதான் முத்தல்" என்பார். மலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் வாங்க வந்தவர்கள் வந்த வேலையை மறந்துவிடுவார்கள். பகலிலும் புகைபோல இறங்குகிற பனி, ஓயாமல் சொட்டுகிற மரங்கள், காட்டுக்குள்ளே கண்ணுக்கெட்டாத தூரம் ஏலம். எல்லாம் நேரில் பார்த்தவர் பேச்சு.

ஆனால் அவர் அந்தக் காட்டுக்குள் ஒரு நாளும் போனதில்லை. வண்டி லுணுகலைக் கடைத்தெருவோடு நின்றுவிடும். தோட்டத்திலிருந்து காய்ந்த ஏலம் சாக்குச் சாக்காகத் தலைச்சுமையில் இறங்கி வரும். மேலே ஏறிப் பார்க்காததற்கு மாடுகளைத் தனியே விட முடியாது என்பது அவர் சொல்லும் காரணம். உண்மைக் காரணம் அட்டை. காலில் அட்டை ஏறும் என்று யாராவது சொன்னாலே சாரனை முழங்கால்வரை மடித்துக்கொண்டு வண்டியில் ஏறிவிடுகிற ஆள் அவர்.

ஒருமுறை சந்தையில் ஹவ்வா உம்மா என்கிற கிழவி, அரைக்கொத்து அரிசிக்கு ஏலம் மாற்ற வந்தவள், சும்மா இருக்காமல் கேட்டுவிட்டாள்.

"ஏன் மனே, இது மரத்தில எப்பிடிக் காய்க்கிற?"

சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். கச்சி முகம்மது கண் இமைக்கவில்லை.

"கமுகு மாதிரித்தான் உம்மா. நுனியில பாளை வெடிச்சு, குலை தள்ளும்."

அன்றைக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னார். மறுநாள் இன்னொருவன் கேட்டான். அதையே சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லச் சொல்லக் குலை நீண்டது, காய்கள் பெருகின, கடைசியில் கச்சி முகம்மதுவே அதை நம்பிவிட்டார். ஒரு மாரிக்கு முன்னால் தோட்டத்துக் காவற்காரன் ஒருவன் ஈரச் சாக்கில் சுற்றி ஏலக்கிழங்கு நாலைந்து கொண்டுவந்து கொடுத்தான். "நிழலும் தண்ணியும் குடுங்க முதலாளி, மூணாம் வருசம் காய்க்கும்" என்றான். எங்கே காய்க்கும் என்று அந்த இடத்தில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எத்தனையோ வருடம் ஏலம் விற்றவன் எந்த முகத்தோடு அதைக் கேட்பான்?

அந்தக் கிழங்கை அவர் கொண்டுவந்த விதத்தையும் சொல்ல வேண்டும். வழி நெடுகச் சாக்குக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு, வெயிலில் தன் தலைத்துண்டை அவிழ்த்து அதன்மேல் போட்டுக்கொண்டு வந்தார். கிணற்றடி மணலைத் தோண்டி எறிந்துவிட்டு வயல் சேற்றையும் காட்டு இலைமக்கலையும் வண்டியில் ஏற்றிவந்து நிரப்பினார். மணல் பூமியில் மலைச் சாமான் வராது என்று ஊர் சொன்னது. ஊர் சொன்னதற்கு மாறாகப் பற்றை செழித்தது. இலையைக் கசக்கினால் மணத்தது. காய்க்கத்தான் இல்லை.

இவ்வளவு பாடு எதற்கு? கச்சி முகம்மது ஏறாவூர்க்காரர், காத்தான்குடிக்கு மாப்பிள்ளையாக வந்தவர். இந்தப் பக்கத்து வழக்கப்படி வீடும் வளவும் பெண்ணுக்கு. மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து சேர்கிறவர். அந்த வளவின் தென்னைகள் மாமனார் வைத்தவை, மாமரம் மாமி வைத்தது, கிணற்றைக் கட்டியவர் நபீஸாவின் அண்ணன், அவள் 'காக்கா' என்று கூப்பிடும் மஜீட். மகள் றம்லா கலியாண வயதுக்கு வந்துவிட்டாள். தெருவில் அவர் இன்னும் 'ஏறாவூர் மாப்பிள்ளை'தான். யாரும் அவரை ஒரு சொல் குறைத்துப் பேசியதில்லை. ஆனாலும் தன் கையால் ஒன்றாவது இந்த மண்ணில் வேர்விட வேண்டும் என்று அந்த மனிதர் ஏங்கினார். அந்த ஒன்று இந்தப் பற்றை. றம்லாவின் கலியாண இனிப்பான வட்டிலப்பத்துக்கு ஏலம் இந்தப் பற்றையிலிருந்துதான் வரும் என்று அவர் சந்தையில் வைத்தே சொல்லியிருந்தார்.

நபீஸாவுக்கு வேறொரு பெருமை இருந்தது. அது அவளுடைய முற்றம். வெள்ளாப்பில், கிழக்கு வெளுக்கும் முன்பே, ஈர்க்கு வாருகலை எடுத்துக் வேலி வாசலான கடப்படியிலிருந்து தொடங்குவாள். பின்னால் அடியெடுத்து வைத்து, தன் காலடியையும் தானே அழித்துக்கொண்டு, வெள்ளை மணலில் வளைவு வளைவாகக் கோடு விழக் கூட்டிக்கொண்டு போவாள். அந்தக் கோடுகளை மிதித்து நடக்க அந்த வீட்டில் ஒருவருக்கும் துணிவில்லை. கச்சி முகம்மது வேலியோரமாகத்தான் கிணற்றடிக்குப் போவார். கோழிகள்கூட அந்த வழியைத்தான் பழகியிருந்தன. தெருவில் பெண் பார்க்க வருகிறவர்கள், "நபீஸா ராத்தாட முத்தத்தில சோறு போட்டுத் தின்னலாம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதைக் கேட்ட நாளில் அவள் நடையே வேறாக இருக்கும்.

கிணற்றடியும் அவள் ஆட்சிக்குள்தான். பற்றையின் அடியில் ஒரு சருகு கிடக்க விடமாட்டாள். ஒரு முறை, கன்று வைத்த மூன்றாம் மாரி போல, வாருகலோடு குனிந்தவள் நிமிர்ந்து கேட்டாள்.

"இஞ்சாருங்க, அடியில வால் மாதிரி என்னமோ நீளுது. மண்ணோட படுத்துக் கெடக்கு. என்ன இது?"

அவர் அப்போது நுனியில் ஆழ்ந்திருந்தார். கழுத்தை இறக்கவில்லை.

"அது வேருதான் புள்ள. கூட்டித் தள்ளு."

அவள் கூட்டித் தள்ளினாள்.

போன வருடம் றம்லாவுக்கு மாப்பிள்ளை பேசி முடிந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து கலியாணம். அதற்குள் வீடு எழும்ப வேண்டும். வீடில்லாமல் இந்த ஊரில் பெண்ணுக்குக் கலியாணம் இல்லை. மஜீட் மேசன் வேலை செய்பவர். மருமகளின் வீட்டை அவரே கட்டுவதாக ஏற்றுக்கொண்டார். வளவை அளந்து பார்த்தவர் கிணற்றடியில் வந்து நின்றார்.

"மச்சான், குசினி மூலை இந்தப் பத்தைக்கு மேலதான் வருது."

"வேற மாதிரி வைக்க ஏலாதா மச்சான்?"

"முன்னுக்கு இழுக்கலாம். ஆனா முத்தம் பாதி போயிடும்."

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி முற்றத்தைப் பார்த்தார்கள். வளைவு வளைவாக வெள்ளை மணல் வெயிலில் மின்னியது. அந்தச் செய்தியை நபீஸாவிடம் கொண்டுபோக இருவருக்கும் வாய் வரவில்லை.

"காய்க்கிற மரமெண்டாலும் பரவாயில்ல" என்றார் மஜீட். "காய்க்காத பத்தைக்கு என்னத்துக்கு மச்சான் இடம்? மாரி முடியட்டும், நூல் பிடிப்பம்."

அதில் பிழை சொல்ல எதுவும் இல்லை. மகளின் வாழ்க்கைக்கு முன்னால் ஒரு பற்றை எம்மாத்திரம்? ஆனாலும் அன்று கச்சி முகம்மதுவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மாரி தவணை கிடைத்திருக்கிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். அந்த மாரிக்குள் நுனியில் ஒரு குலை, ஒரே ஒரு குலை, தள்ளிவிட்டால் போதும்.

மாரி வந்தது. வாவி நிறைந்து வீதிவரை தண்ணீர் ஏறியது. அதோடு காய்ச்சலும் வந்தது. நபீஸா படுக்கையில் விழுந்தாள். உடம்பு தூக்கிப் போடும் குளிருக்கு நடுவிலும், "முத்தம் கூட்டினயா புள்ள?" என்றுதான் மகளைக் கேட்பாள். றம்லா கூட்டியதாகச் சொல்வாள். றம்லாவின் கூட்டல் வாசற்படியிலிருந்து கடப்படிவரை ஒற்றையடிப் பாதை போல இருக்கும். கிணற்றடிப் பக்கம் அவள் வாருகலோடு போனதே இல்லை. மாவிலையும் ஏலச்சருகும் பற்றையின் அடியில் மெத்தை மெத்தையாகக் குவிந்து, நனைந்து, மக்கின. கொயினா மருந்தின் கசப்பில் கிடந்த நபீஸாவிடம் இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை.

நபீஸாவுக்குக் காய்ச்சல் விட்டு, கஞ்சி இறங்கத் தொடங்கிய பிறகு கச்சி முகம்மது மலைக்கு ஒரு நடை போய்த் திரும்பினார். மறுநாள் காலை வழக்கம்போலக் கிணற்றடி, வழக்கம்போல நுனி. ஒன்றும் இல்லை. "இன்னம்" என்று வாயைத் திறந்த நேரத்தில் ஒரு தும்மல் வந்தது. கொடுப்பில் கிடந்த ஏலக்காய் தெறித்துப் பற்றையின் அடியில் விழுந்தது.

மலையிலிருந்து கொண்டுவந்த முதல்தரக் காய். அதை விட மனமில்லாமல் குனிந்தார். சருகைக் கிளறினார். விரல் நுனியில் ஒரு காய் தட்டுப்பட்டது. எடுக்கப் பார்த்தார், வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். அது எதிலோ பிடித்துக்கொண்டிருந்தது.

கச்சி முகம்மது முழங்காலில் உட்கார்ந்தார். சருகை இரு கைகளாலும் விலக்கினார். தண்டின் அடியிலிருந்து வால் ஒன்று புறப்பட்டு நிலத்தோடு படுத்துக் கிடந்தது. அதன் நுனிப் பக்கம் வெள்ளைப் பூக்கள். ஒவ்வொரு பூவின் நடுவிலும் ஊதா நிறத்தில் மெல்லிய கோடுகள். பூவுக்குப் பின்னால் பச்சையாக, முப்பட்டையாக, சின்னதாக ஒரு காய். அதற்குப் பின்னால் இன்னொன்று. பூவை அவருக்குத் தெரியாது. காயைத் தெரியாமல் போகுமா? வாழ்நாள் முழுக்கக் கையில் உருட்டிய உரு அது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அவர் அழுதார் என்றே சொல்லிவிடலாம். பார்த்தது வேலியோரம் கட்டியிருந்த வண்டி மாடுகளைத் தவிர வேறு யாருமில்லை.

பிறகுதான் பக்கத்தில் கிடந்த மற்றவை கண்ணில் பட்டன. பற்றையைச் சுற்றிலும், மண்ணோடு மண்ணாக, காய்ந்து கறுத்த அடிக்கட்டைகள். ஒவ்வொரு மாரியிலும் நீண்டு, ஒவ்வொரு வெள்ளாப்பிலும் முறிந்தவை. 'அது வேருதான் புள்ள. கூட்டித் தள்ளு.' தன் குரலே காதில் கேட்டது. வருடக் கணக்காக ஏலம் காலடியில் காய்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அவர் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

எழுந்து, விலக்கிய சருகை மறுபடி மூடினார். இனி இதை யாரிடம், எப்படிச் சொல்வது? பற்றையைக் காப்பாற்ற வேண்டுமானால் காய்த்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொன்னால், இவ்வளவு நாளும் ஏன் காய்க்கவில்லை என்று கேட்பார்கள். வாருகல் என்று சொன்னால் நபீஸாவின் தலை குனியும். மெய்யைச் சொன்னால் சந்தையில் தன் சாக்கை விரிக்க முகம் இருக்காது. மூன்று நாள் கிணற்றடிக்கும் வாசலுக்குமாக நடந்து திரிந்தார்.

நாலாம் நாள் வெயில் நன்றாக எறித்தது. நபீஸா எழும்பிவிட்டாள். தடுத்தும் கேட்காமல், இடையிடையே குந்தியிருந்து மூச்சு வாங்கி, முற்றம் முழுவதையும் கூட்டி முடித்தாள். பழைய வளைவுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பிறகு வாருகலைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குக் கிளம்பினாள். கச்சி முகம்மது ஓடிப்போய்க் குறுக்கே நின்றார்.

"அங்கால நான் கூட்டுறன் புள்ள."

"நீங்களா?" நபீஸா சிரித்துவிட்டாள். "மலையில என்ன தின்னக் குடுத்தாங்க ஒங்களுக்கு? விலகுங்க. குப்பையாக் கெடக்கு."

அந்த நேரத்தில் கடப்படியில் மஜீட் வந்தார். தோளில் மண்வெட்டி, கையில் நூலும் மரக்கட்டைகளும். அவரும் முற்றத்தை மிதிக்காமல் வேலியோரமாகச் சுற்றி வந்தார். பற்றையின் ஓரத்தில் முதல் கட்டையை அடித்து, நூலைக் கட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"மச்சான், இதப் பிடுங்கினாத்தான் வேல நடக்கும்."

கச்சி முகம்மது நூலை ஒரு பக்கமாக ஒதுக்கினார். பிறகு, "கொஞ்சம் குனிஞ்சு பாருங்க மச்சான்" என்றார். தானே குனிந்து சருகை விலக்கினார்.

மஜீட் பார்த்தார். ஒரு காயைக் கிள்ளி நசுக்கி மூக்கில் வைத்தார்.

"அல்லாவே, ஏலம்!" அவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "நுனியில குலை தள்ளும் எண்டு சந்தைக்கே சொன்னீங்க. இது நிலத்தில படுத்துக் காய்க்குது. இவ்வளவு நாளும் எங்க போய்க் கெடந்தது?"

நபீஸா கிட்ட வந்தாள். வாலைப் பார்த்தாள், சுற்றிக் கிடந்த கறுத்த கட்டைகளைப் பார்த்தாள். வாருகல் பிடித்த கை தானாகத் தாழ்ந்தது. கணவனின் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு அண்ணனிடம் திரும்பினாள்.

"நாந்தான் காக்கா. நாந்தான் கூட்டித் தள்ளிப்போட்டன். எனக்கு விளங்கல்ல."

அவள் பொய் சொல்லவில்லை. பாதியைச் சொல்லி, மற்றப் பாதியை விழுங்கிவிட்டாள். கச்சி முகம்மது வாய் திறக்காமல் இருந்திருந்தால் அது விழுங்கியபடியே போயிருக்கும். சந்தையில் நபீஸாவின் வாருகலைச் சொல்லிச் சிரித்திருப்பார்கள். அவருடைய பேருக்கு ஒரு கீறலும் விழுந்திருக்காது.

அவர் கொடுப்பிலிருந்த ஏலக்காயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அது வாயில் இருக்க இந்தப் பேச்சு வராது போலிருந்தது.

"இல்ல மச்சான். அவ கேட்டா. நான்தான் வேரெண்டு சொன்னன். ஏலம் எங்க காய்க்கும் எண்டு எனக்குத் தெரியாது. ஒரு நாளும் நான் பாத்ததில்ல."

மஜீட் சிரிப்பார் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். மஜீட் சிரிக்கவில்லை. கையிலிருந்த நூலை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"சரி மச்சான். அத விடுங்க. ஆனா காய்ச்சாலும், முத்தத்த விட்டா இடம் இதுதானே. புள்ளைக்கு வீடு வேணுமே."

"தெரியும்" என்றார் கச்சி முகம்மது. "தாங்க. வச்ச கையாலே நானே வெட்டுறன்."

மண்வெட்டியை வாங்கினார். காலை அகட்டி நின்றார். எங்கே முதல் வெட்டு வைப்பது என்று தெரியாதவர் போல அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை நுனியைப் பார்க்கவில்லை.

"பொறுங்க" என்றாள் நபீஸா.

பற்றையின் ஓரத்தில் அடித்திருந்த கட்டையை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். நூல் பின்னால் இழுபட, வேலியோரமாகச் சுற்றாமல் நேரே முற்றத்துக்குள் இறங்கினாள். காலையில் மூச்சு வாங்கிக் கூட்டிய வளைவுகளின் மேல் அவளுடைய காலடிகள் ஒவ்வொன்றாகப் பதிந்தன. முற்றத்தின் நட்டநடுவில் நின்று, கட்டையை மணலில் ஊன்றி, வாருகலைத் தலைகீழாகப் பிடித்து அதன் அடிக்கட்டால் ஓங்கி ஓங்கி அடித்து இறக்கினாள்.